மேலாற்றுச் சேதி

அன்றைக்கும் ஐஸ் போகவில்லை.

உமி போர்த்தி அடுக்கிய ஐஸ் பார்கள் கொட்டகைக்குள் கசிந்துகொண்டிருந்தன. உக்கயாலி ஆற்றில் தண்ணீர் வற்றும் பருவம். கரையெல்லாம் சேறு. விடிந்ததும் மீன்படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் துறைக்கு வந்தன, கூடைகளை இறக்கின, டீசல் பிடித்தன. ஐஸுக்கு மட்டும் ஒருவரும் மேடேறி வரவில்லை. ரோலின் பினெதோ உடைப்பு எந்திரத்தின் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தான். குளிர்பதனத் தொழில் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவன். இதற்கு முன் விடியற்காலையில் அவன் கை சும்மா இருந்ததே இல்லை.

படகுக்காரன் கமானியேல் அந்தக் கொட்டகையைத் தாண்டித்தான் போக வேண்டும். தோளில் உப்பு மூட்டை வைத்திருந்தான்.

"மாமா, ஐஸ் வேணாமா?"

"உப்புப் போட்டுக்கறோம்."

"இந்த வெயில்ல டவுனுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள பாதி மீன் நாறிடும்."

"நாறட்டும். உன் கையால வாங்குன ஐஸைப் போட்டா படகே நாறும்."

பின்னால் வந்தவர்கள் சிரித்தார்கள். "அவன் ஏன் மாமா ஐஸ் விக்கணும்? மரக்கம்பெனிக்காரன்தான் படியளக்கிறானே," என்றான் ஒருத்தன். இன்னொருத்தன் அதற்கு மேலே போனான். "பொண்டாட்டி செத்து வருஷம் ஒண்ணு ஆச்சு. கொழுந்தியாள வீட்ல வெச்சுக்கிட்டு இவன் அடுத்தவங்க மேல விரல் நீட்டுறான் பாரு."

ரோலின் அவனைப் பார்த்தான். எழுந்திருக்கவில்லை. மர்லித் செத்ததிலிருந்து கோபம் என்ற ஒன்று அவனுக்கு வரவேண்டிய நேரத்தில் வருவதில்லை.

எதிரே தோர்க்காவின் கடை. வாழைக்காயைச் சுட்டு, பன்றிக் கொழுப்போடு இடித்து உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் அவன் தலையைக் கண்டதும் காப்பியை ஊற்றி வைத்துவிடுவாள். மர்லித்தைக் குளிப்பாட்டி உடுத்தி அனுப்பியவளும் அவள்தான்.

"காப்பி இருக்கா அக்கா?"

"தீந்துபோச்சு," என்றாள். பக்கத்தில் பானை ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அவளும் அதை மறைக்கவில்லை.

துறையில் எல்லாக் கடைகளிலும் வானொலி பாடிக்கொண்டிருந்தது. பாட்டு நின்றதும் அந்தக் குரல் வந்தது. நிதானமான, அடித்தொண்டைக் குரல். "மேலாற்று மக்களுக்குக் காலை வணக்கம். உங்கள் அபெலார்தோ பேசுகிறேன்."

அந்தத் துறை ஊரான புவெர்த்தோ சிப்ரியானோவில் அந்தக் குரல் தெரியாத நாய்கூடக் கிடையாது. மரியாதைக்கு 'தோன்' சேர்க்காமல் அவர் பெயரைச் சொல்பவர்களும் கிடையாது. எண்ணெய்க் குழாய் வெடித்து ஆறு கறுத்துப்போன வருஷம், அதிகாரிகள் ஒன்றுமே நடக்கவில்லை என்றபோது, செத்த மீனைக் கூடையில் அள்ளிக்கொண்டு தலைநகர் வரை போய் மேசைமேல் கொட்டியவர் தோன் அபெலார்தோ. காடு வெட்டுவதைக் கண்டித்ததற்காக மரக்கம்பெனி ஆட்கள் அவருடைய வானொலி நிலையத்துக்குத் தீ வைத்தார்கள். மறுநாளே ஒரு படகில் பேட்டரியை வைத்துப் பேசினார். காலில் குண்டு வாங்கியும் பேசினார். பாதி ஊர்ப் பிள்ளைகளுக்கு அவர் ஞானத்தகப்பன். ரோலினின் கொழுந்தியாள் நெய்திக்கும் அவரே.

எல்லாவற்றுக்கும் மேலாக, சேதி நேரம். தொலைபேசி எட்டாத மேலாற்று ஊர்களுக்குச் சாவு, பிறப்பு, படகு வரவு எல்லாம் அவர் வாய் வழியாகத்தான் போகும். 'நுவெவோ தாபோர் ஊரில் இருக்கும் திருமதி எர்மெலிந்தாவுக்கு. உங்கள் மூத்த மகள் மர்லித் நேற்று காய்ச்சலில் காலமானார். மருமகன் ரோலின் காத்திருக்கிறார். மெதுவாக வாருங்கள் அம்மா, நாங்கள் எல்லோரும் காத்திருக்கிறோம்.' அப்படித்தான் வாசித்தார். அந்தக் கடைசி வரி ரோலின் சொல்லி அனுப்பியதல்ல. அவராகச் சேர்த்தது. அடக்கத்துக்கும் வந்து, நொண்டிக்கொண்டே பெட்டியின் ஒரு மூலையைத் தூக்கினார்.

இதையெல்லாம் ரோலின் மறக்கவில்லை. மறக்க முடிந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

மர்லித்தின் தங்கை நெய்தி. பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்துக்காக அக்கா வீட்டுக்கு வந்தவள், அக்கா போன பிறகும் பள்ளிக்கூடத்துக்காகவே அங்கே இருந்தாள். சனிக்கிழமை பிள்ளைகள் நிகழ்ச்சியில் அவள்தான் முதல் குரல். ஐஸ் நின்றுபோவதற்கு முன் ஒருநாள், மீன் ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

"இனிமே சனிக்கிழமை போகல அத்தான்."

"ஏன்?"

"மத்த பிள்ளைங்கள அனுப்பிட்டு என்னை மட்டும் இருக்கச் சொல்றாரு."

கத்தி நிற்கவில்லை. மிச்சத்தை அவள் மீனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அதிகம் சொல்லவில்லை. ஒலிப்பதிவு அறைக் கதவு தடிமனானது, வெளியே சத்தம் கேட்காது என்று மட்டும் இரண்டு முறை சொன்னாள்.

ரோலின் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தான். எங்கே போகிறோம் என்று யோசிக்கவில்லை. கால்கள் நிலையத்துப் படியில் கொண்டுபோய் நிறுத்தின. அந்த ஊரில் அநியாயம் நடந்தால் யாரும் போலீசுக்குப் போவதில்லை. தோன் அபெலார்தோவிடம் போவார்கள். அவர் ஒலிவாங்கியில் சொன்னால் போலீஸ் தானாக வரும். அவனும் அப்படியே வந்துவிட்டான்.

உதவியாளர் லிஸ்பெத் எட்டிப் பார்த்தாள். "என்னண்ணே, புகாரா? உள்ள வாங்க, தோன் இருக்காரு."

அவன் திரும்பி நடந்தான்.

டவுனில் அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் இருந்த பெண் கடுமையானவளல்ல. களைத்தவள்.

"நீங்க பிள்ளைக்கு என்ன வேணும்?"

"அக்கா புருஷன்."

"அக்கா எங்க?"

"இல்ல."

"அப்போ சட்டத்துக்கு நீங்க யாருமில்ல. பிள்ளைய ஒரே ஒரு தடவைதான் கேப்போம், தனி அறையில. தாய் கூட இருக்கணும். மாசக் கடைசிக்குள்ள தாயைக் கூட்டிட்டு வாங்க. வரலேன்னா இது இப்படியே மூடிப்போகும்."

அவன் புகார் எழுதிக் கொடுத்து ஊர் திரும்புவதற்குள் சேதி முந்திக்கொண்டது. நிலையத்து வாசலில் மெழுகுவத்தி ஏற்றினார்கள். பள்ளிப் பிள்ளைகள் சீருடையோடு ஊர்வலம் போனார்கள், 'எங்கள் ஞானத்தகப்பன் குற்றமற்றவர்' என்று அட்டை பிடித்துக்கொண்டு. நெய்தியின் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் அதில் இருந்தார்கள். அன்றோடு அவள் பள்ளிக்கூடம் போகவில்லை.

ஐஸ் கம்பெனி முதலாளி செகுந்தோ வந்து ஓர் ஐஸ் பாரின் மேல் கை வைத்துப் பார்த்தார்.

"தம்பி, நீ பொய் சொல்றேன்னு நான் சொல்லல. பிள்ளைங்க ஏதாவது சொல்லும். தோன் இல்லாட்டி இந்த ஊருக்கு யாரு இருக்கா, சொல்லு. மரக்காரனுங்க நாளைக்கே ஆத்தை வித்துடுவானுங்க."

"தெரியும்ணே."

"தெரிஞ்சுமா? பிள்ளையை அவ அம்மாகிட்ட அனுப்பிடு. அங்க மறந்துடும். படகுக்காரங்ககிட்ட நான் பேசறேன், மறுநாளே ஐஸ் போகும்."

"மறக்குமா?"

செகுந்தோ கையைத் துடைத்துக்கொண்டார். "நீ யோசி."

யோசிக்க ஒன்றுமில்லை. எர்மெலிந்தா வரவேண்டும். ஆனால் மேலாற்றுக்கு எப்படிச் சொல்லி அனுப்புவது? வழி ஒன்றுதான், அது அவர் வாய். வேறு வழியில்லாமல் வாழைத்தார் ஏற்றப் போகும் ஒரு படகுக்காரனைப் பிடித்தான். அவன் சட்டையிலும் அபெலார்தோவின் படம் குத்தியிருந்தது. பெயரைச் சொன்னால் கொண்டுபோக மாட்டான். "அத்தைகிட்ட சொல்லுங்க. நெய்திக்கு ஒருத்தன் கெடுதல் பண்ணிட்டான், உடனே கிளம்பி வரச் சொல்லுங்க. மத்ததை நேர்ல சொல்றேன்." அவ்வளவோடு நிறுத்திக்கொண்டான்.

கூரை வேய ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லித் தெருவை முன்னமே கூப்பிட்டிருந்தான். கீற்று வெட்டிக் காய்ந்து கிடந்தது. அங்கே கூரையைக் கூலிக்கு ஆள் வைத்து மாற்றுவதில்லை. மிங்கா வைப்பார்கள். வீட்டுக்காரன் சோறு ஆக்கி, மரவள்ளிக்கிழங்கில் கள் ஊறப்போட்டு வைத்தால் தெரு முழுக்க வந்து ஏறும். மத்தியானத்துக்குள் கூரை முடியும், சாயங்காலம் வரை பாட்டு. இன்று நான் உனக்கு, நாளை நீ எனக்கு. அந்தத் தெருவில் ரோலின் ஏறி மிதிக்காத கூரை இல்லை.

கூப்பிட்டதை அவன் மாற்றவில்லை. நெய்தி விடியும் முன்பே எழுந்து கோழி அடித்தாள். இலையில் சோறு பொதிந்து கட்டிக் கட்டி அடுக்கினாள். அக்கா எத்தனை கட்டுவாளோ அத்தனை. கள்ளுப் பானையை நிழலில் வைத்தாள்.

வெயில் ஏறியது. ரோலின் பழைய கீற்றில் ஒரு பக்கத்தைத் தனியாகவே பிரித்துக்கொண்டிருந்தான். கீழேயிருந்து கீற்றுக் கட்டை எடுத்துக் கொடுக்க ஒருவர், மேலே வாங்க ஒருவர், முடிய ஒருவர் வேண்டும். அவன் ஏறினான், இறங்கினான், எடுத்தான், மறுபடி ஏறினான். எதிர்வீட்டுப் படிக்கட்டில் ஆட்கள் உட்கார்ந்து அவன் ஏறி இறங்குவதைப் பார்த்தார்கள். அவர்கள் வீட்டு வானொலியில் அபெலார்தோவுக்கு வந்த ஆதரவுச் சேதிகளை, விஷயம் என்ன என்று மட்டும் சொல்லாமல், லிஸ்பெத் வாசித்துக்கொண்டிருந்தாள்.

வந்தது ஒரே ஒருத்தர். இஸ்திரி போட்ட சட்டை, கையில் தோல் பை. பின்னால் ஒருவன் அரிசி மூட்டை சுமந்து வந்தான். மரக்கம்பெனி வக்கீல்.

"உங்க தைரியத்தைப் பாராட்டணும்னு வந்தேன் சார். டவுனுக்குப் போக்குவரத்து, தங்கறது, எல்லாம் நாங்க பாத்துக்கறோம். பிள்ளை பேசறதை தலைநகர் டிவில வர ஏற்பாடு பண்ணலாம்."

ரோலின் கூரைமேலிருந்தே கேட்டான். "பிள்ளை பேரு என்ன?"

வக்கீல் விழித்தார். "என்ன சார்?"

"அவ பேரு தெரியுமா உங்களுக்கு?"

"அது... கோப்புல இருக்கு."

"அரிசியை எடுத்துட்டுப் போங்க."

மூட்டை போனது. அது வந்ததைத் தெரு பார்த்திருந்தது. தோர்க்கா தன் வீட்டு வாசலிலிருந்து, அவனுக்குக் கேட்கும்படியே சொன்னாள். "நான் நம்பல, நம்பலன்னு இருந்தேன். இப்பப் பாத்துட்டேன்ல."

மத்தியானம் இரண்டு பேரும் அந்தச் சோற்றுப் பொதிகளின் முன்னால் உட்கார்ந்தார்கள். தலைக்கு மேல் பாதி கீற்று, பாதி வானம்.

"அத்தான்."

"ம்."

"நீங்க நம்புறீங்களா?"

அவன் பொதியின் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தான். நார் இறுகியிருந்தது. புகார் கொடுத்தான், கையெழுத்துப் போட்டான், ஐஸ் வியாபாரத்தை இழந்தான். ஆனால் அவள் கேட்ட இந்த ஒன்றை அவன் தன்னிடமே கேட்டுக்கொள்ளவில்லை. வாயைத் திறந்தால் 'மெதுவாக வாருங்கள் அம்மா' என்ற குரல்தான் காதில் வந்தது.

அவன் பேசுவதற்குள் அவள், "சரி," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அவர் குரல் நல்லாத்தான் இருக்கும். எனக்கும் புடிக்கும்," என்றாள். பிறகு பொதிகளை எடுத்துக்கொண்டு போய்த் தெரு நாய்களுக்கு அவிழ்த்துப் போட்டாள்.

மறுநாள் சேதி நேரம். ரோலின் ஐஸ் கொட்டகையில் இருந்தான். அபெலார்தோ முன்கூட்டிப் பார்க்காமலே வாசிப்பவர். படகுக்காரர்கள் கொண்டுவந்து கொடுக்கும் தாளை அப்படியே, தன் வீட்டுக் கடிதம் போல வாசிப்பார். அதில் அவருக்குப் பெருமை. இரண்டு மூன்று படகுச் சேதி போனது. அப்புறம்:

"நுவெவோ தாபோரிலிருந்து எர்மெலிந்தா. தோன் அபெலார்தோ அய்யாவுக்கு. என் சின்ன மகளுக்கு ஒருத்தன் கெடுதல் பண்ணிட்டதா மருமகன் ஆள் அனுப்பியிருக்கார். பேரைச் சொல்லப் பயப்படுறார். பெரிய ஆளா இருப்பான் போல. நீங்கதான் எங்களுக்குத் தகப்பன். அவன் யாருன்னு கண்டுபிடிச்சு..."

துறையில் ஒவ்வொரு கடையாகப் பேச்சு அடங்கியது. தோர்க்கா கரண்டியை எண்ணெய்க்குள்ளேயே விட்டுவிட்டாள்.

வானொலியில் ஒரு மூச்சுக் கேட்டது. அவ்வளவுதான். குரல் கொஞ்சமும் மாறாமல் தொடர்ந்தது. "...ஊருக்குச் சொல்லுங்க அய்யா. அடுத்த படகில் வருகிறேன்." தாளை மடிக்கிற சத்தம். "எர்மெலிந்தா அம்மா, பயப்படாதீங்க. நேரே நிலையத்துக்கு வாங்க. நானே துறையில் நிற்கிறேன். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்து பேசுவோம். ஞானத்தகப்பன் இருக்கேன்."

பாட்டு போட்டார்கள்.

யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லோரும். தோர்க்கா இடுப்புத் துணியால் கண்ணைத் துடைத்தாள். "பாத்தியா மனுஷனை! தன்மேல சேற்றை வாரி அடிச்ச பிள்ளையோட அம்மாவுக்கு..." ரோலினைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். "இனியாவது நிறுத்து தம்பி. அந்தம்மாவுக்கே நீ பொய் சொல்லிக் கூப்பிட்டிருக்கே."

அத்தை நேராக அவரிடம் போய் நிற்பாள். அவர் உள்ளே அழைத்துப் போய், கதவைச் சாத்தி, அந்தக் குரலில் பேசுவார். வெளியே வரும்போது அவள் மகளை மேலாற்றுக்குக் கூட்டிப் போய்விடுவாள். அவளை எச்சரிக்க அவனிடம் ஒரு வழியும் இல்லை. எல்லா வழியும் அந்த ஒரு வாயில் முடிந்தது.

படகு வரும் அன்று தன் ஓடத்தைக் கரைக்கு இழுத்து, சின்ன மோட்டாரில் எண்ணெய் ஊற்றி வைத்தான். டவுனுக்குப் போகும் பயணப் படகுகளில் அவர்களை ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்குப் போனபோது நெய்தி தலை சீவி நின்றாள்.

"நீ இரு. நான் கூட்டிட்டு வரேன்."

"அம்மாவை நான் பாக்கணும்."

"அவர் நிப்பாரு."

"தெரியும்."

படியிறங்கும்போது ரோலின் நின்றான். திரும்பாமலே சொன்னான். "அன்னிக்குக் கேட்டியே. நீ சொன்னது நடந்துச்சு. எனக்குத் தெரியும்."

அவள் அவனுக்குப் பின்னால் இறங்கி வந்தாள்.

துறையில் திருவிழாக் கூட்டம். காகிதப் பூ, கொடி. லிஸ்பெத் நீள வயரோடு ஒலிவாங்கி பிடித்திருந்தாள். தோன் அபெலார்தோ வெள்ளைச் சட்டையில் பலகைப் பாலத்தின் முனையில் நின்றார். கூட்டம் ரோலினைத் தள்ளவில்லை, திட்டவில்லை. அவர்கள் இரண்டு பேரும் நின்ற இடத்தைச் சுற்றி மட்டும் ஆள் நிற்கவில்லை.

எர்மெலிந்தா ஒரு கையில் கோழி, தலையில் வாழைத்தாரோடு இறங்கினாள். அபெலார்தோ தாரை வாங்கி அடுத்தவரிடம் கொடுத்தார். அவள் குனிந்து அவர் வலது கையை இரண்டு கையாலும் பிடித்து முத்தமிட்டாள். கோழி நழுவிச் சேற்றில் ஓடியது.

"யாரு அய்யா அவன்? கண்டுபிடிச்சுட்டீங்களா?"

"உள்ள போய்ப் பேசலாம் அம்மா."

"என் பிள்ளை எங்க?"

ஐஸ் கொட்டகைப் பக்கம் பார்த்தாள். கண்டுகொண்டாள். "நெய்தி!" என்று கூவினாள்.

அம்மா வரும் படகென்றால் கயிறு கட்டுவதற்குள் தண்ணீரில் குதித்து ஓடுகிற பிள்ளை. அன்று ஓர் அடி எடுத்து வைத்தாள். அபெலார்தோவும் அவள் பக்கம் திரும்பினார். சிரித்து, மற்றக் கையை நீட்டினார். "வா மகளே."

நெய்தி பின்னால் போனாள். ஐஸ் கொட்டகைப் பலகையில் முதுகு முட்டும்வரை போனாள். அதற்கு மேல் போக இடமில்லாமல், பலகைக்குள் புகுந்துவிடப் பார்ப்பவள் போல உடம்பைச் சுருக்கிக்கொண்டாள்.

எர்மெலிந்தா மகளைப் பார்த்தாள். மகளின் கண் எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். பிறகு, இன்னும் தன் கைக்குள் இருந்த அந்தக் கையைப் பார்த்தாள்.

"இவரா?" என்றாள்.

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் லிஸ்பெத்தின் ஒலிவாங்கி அவள் வாய்க்கு நேரே இருந்தது. துறையின் எல்லாக் கடைகளிலும் அந்த ஒரு சொல் கேட்டது. நெய்தி தலையை அசைத்தாள். அது மட்டும் எதிலும் கேட்கவில்லை.

எர்மெலிந்தா கையை விட்டாள்.

"சொல்லிக் குடுத்திருக்கான்!" என்று கூட்டத்தில் ஒருத்தன் கத்தினான். "அம்மா, ஏமாறாதீங்க!" "தோன், நீங்க விடுங்க, நாங்க பாத்துக்கறோம்." அபெலார்தோ எல்லோரையும் கையமர்த்தினார். "வருத்தத்துல இருக்காங்க. விடுங்க," என்றார் அதே குரலில். அதற்கும் கைதட்டினார்கள். எர்மெலிந்தா கூட்டத்துக்குள் நடந்தாள். அவள் போன பக்கமெல்லாம் விலகி வழிவிட்டார்கள். யாரோ கொடுக்க வைத்திருந்த காகிதப் பூவைக் கீழே போட்டார்கள்.

எர்மெலிந்தா மகளுக்கு முன்னால் வந்து நின்றாள். தொடவில்லை. கையைப் பாவாடையில் தேய்த்தாள், தேய்த்தாள்.

"வாங்க அத்தை," என்றான் ரோலின்.

ஓடத்தை ஆற்றுக்குள் தள்ள இன்னொரு கை வேண்டியிருந்தது. அவன் திரும்பிப் பார்த்தான். தோர்க்கா கடை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு பேத்தி இருந்தாள், சனிக்கிழமை நிகழ்ச்சியில் பாடுகிறவள். தோர்க்கா அவனைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். ரோலின் தோளைக் கொடுத்துத் தனியாகவே தள்ளினான்.

ஊர் மறைகிற வளைவு வரை மோட்டார் சத்தம் மட்டும். அப்புறம் எர்மெலிந்தா கேட்டாள்.

"ஏன் மருமகனே பேரைச் சொல்லி அனுப்பல?"

"சொல்லியிருந்தா படகுக்காரன் கொண்டுவந்திருக்க மாட்டான் அத்தை."

"வேற ஆளை அனுப்பியிருக்கலாம்ல."

"வேற ஆள் இல்ல."

அவள் ஓடத்தின் விளிம்பில் சாய்ந்து, ஆற்றுநீரை அள்ளி வாயைக் கொப்பளித்தாள். துப்பினாள். மறுபடி அள்ளினாள். உதட்டை உள்ளங்கையால் அழுத்தித் துடைத்தாள். நீர் சேறாக இருந்தது. அவள் நிறுத்தவில்லை. ஓடம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ரோலின் மறுபக்கம் நகர்ந்து உட்கார்ந்து சமன் செய்தான்.

நெய்தி ஓடத்தின் முன்முனையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

"போகாதும்மா," என்றாள். "நானும் கழுவிப் பாத்தேன்."

எர்மெலிந்தாவின் கை தண்ணீருக்குள்ளேயே நின்றது.